தன் மகனுக்குச் சித்தப்பா

மெதெரைப் பற்றி எங்கள் கிர்கிஸ் மலையூரில் யாரைக் கேட்டாலும் "தங்கமான ஆளு" என்பார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தங்கமாக இருந்து என்னத்தைக் கண்டான்? கணவாய்ப் பாதையில் பனி தள்ளும் லாரியில் அவனோடு ஒட்டி உட்கார்ந்து வருடக்கணக்காக வேலை செய்தவன் நான். அவன் ஓட்டுவான். நான் பக்கத்தில் உட்கார்ந்து முன்தகட்டை ஏற்றி இறக்குவேன். அப்படிப் பழகினால் ஒருவனுடைய பெண்டாட்டிக்குத் தெரியாததும் நமக்குத் தெரிந்துவிடும். அந்த உரிமையில் சொல்கிறேன், அவன் தங்கமெல்லாம் இல்லை. முட்டாள்.

வேலையில் அவனை ஒரு குறை சொல்ல முடியாது. பள்ளத்தின் ஓரம் எங்கே முடிகிறது என்று பனிக்கு அடியிலும் அவனுக்குத் தெரியும். அதட்டிப் பேச மாட்டான். மேலே குளிரில் வண்டி நின்றுபோன லாரிக்காரர்களுக்குத் தன் தேநீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு, அப்புறம் என் குடுவையைப் பார்ப்பான். யாருக்காவது ஏதாவது கொடுக்காவிட்டால் அவனுக்குக் கை அரிக்கும். அந்த அரிப்புதான் அவன் வாழ்க்கையைக் கெடுத்தது.

அவன் சின்னப் பையனாக இருந்தபோது, கோடை மேய்ச்சல் முடிந்து மலையிலிருந்து இறங்கிய லாரி உருண்டு அப்பாவும் அம்மாவும் ஒரே நாளில் போய்விட்டார்கள். அண்ணன் அசன்குல்லுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. புதுப்பெண்ணாக வந்த சூரா, மெதெரின் மூக்கைத் துடைத்து, ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்து, பள்ளிக்கூடம் அனுப்பி ஆளாக்கினாள். அவளுக்கென்று ஒன்று பிறக்கவே இல்லை. ஊற்று நீர், முல்லா ஓதிக் கொடுத்த தாயத்து, தலைநகரத்து டாக்டர் எல்லாம் பார்த்தாகிவிட்டது. மற்ற பெண்கள் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது சூரா எழுந்து தேநீர்க் கெண்டியை நிரப்பப் போய்விடுவாள்.

மெதெரின் கல்யாண விருந்தில், வீட்டுப் பெரியவருக்கு மரியாதையாக வைக்கிற ஆட்டுத்தலை அண்ணன் முன்னால் வைக்கப்பட்டது. ஒவ்வொருவராக எழுந்து வாழ்த்துப் பேசிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை முறை வந்தது. இவன் கோப்பையைக் கையில் எடுத்தான். முகம் சிவந்திருந்தது, கண்ணில் தண்ணீர் வேறு.

"அண்ணே, அண்ணி, நீங்க இல்லேன்னா நான் தெருவுல நின்னிருப்பேன். எல்லாரும் கேட்டுக்கங்க. எனக்குப் பொறக்கிற மொதப் பிள்ளை இவங்க மடியிலதான் வளரும். இவங்களத்தான் அப்பா அம்மான்னு கூப்பிடும்."

கூட்டம் அழுதது. சூரா தலைத்துணியைக் கடித்துக்கொண்டு குலுங்கினாள். பெரியவர் ஒருவர் உள்ளங்கைகளை விரித்து வாழ்த்தினார். நாங்கள் அத்தனை பேரும் கைகளை முகத்தில் தடவி "ஓமீன்" என்றோம். அப்படிக் கை தடவி முடித்த பேச்சை எங்கள் கிர்கிஸ்காரர்களில் யாரும் திரும்ப வாங்கியதில்லை. அண்ணன் தம்பிக்குள் பிள்ளை கொடுப்பது எங்களுக்குப் புதிதுமில்லை. நாலைந்து பெற்றவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுப்பான், அதை யாரும் பெரிதாகப் பேச மாட்டார்கள். ஆனால் ஒரு பிள்ளையையும் கையில் வாங்கிப் பார்க்காமலே கொடுத்தவன் எனக்குத் தெரிந்து இவன் ஒருவன்தான்.

மணப்பெண்ணை ஒரு வார்த்தை கேட்டானா? பெகிமாய் அன்றைக்கு எங்கள் வழக்கப்படி திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். தன் பிள்ளை கைமாறுவதைத் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து காதால் கேட்டாள். அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்த மரியாதை.

சில வருடம் கழித்து அவள் முழுகாமல் இருந்தாள். பிள்ளை பிறக்கும் முன்பே அதற்கென்று எதையும் வீட்டுக்குள் கொண்டுவந்தால் ஆகாது என்பார்கள். மெதெர் எதையும் வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. எல்லாவற்றையும் லாரிக்குக் கொண்டுவந்தான்.

"கலிக் அண்ணே, இதை சீட்டுக்குப் பின்னாடி வச்சுக்கட்டுமா?"

"என்னடா அது?"

"காலுறை."

என் கட்டைவிரல்கூட நுழையாது, அவ்வளவு சின்னது. அடுத்த வாரம் குல்லாய் வந்தது. அப்புறம் கிலுகிலுப்பை, சோப்பு, கம்பளித் துண்டு. கடைசியில் குளிப்பாட்டுகிற தகரத் தொட்டி ஒன்று வந்தது. அதற்குள் காலை விட்டுக்கொண்டுதான் நான் மலையேற வேண்டியிருந்தது. பணிமனையில் மெக்கானிக் சகின் வண்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஊரைக் கூட்டினான்.

"ஏன்டா, பிரசவமும் வண்டியிலேயேதானா? கலிக்கை மருத்துவச்சியா வச்சுக்கிட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். மெதெரும் சிரித்தான். சகினுக்கு நாக்கில் எலும்பு இல்லை, நிறுத்தத் தெரியாது.

"அது சரி, அண்ணன் வளக்கப்போற பிள்ளைக்கு நீ ஏன்டா தொட்டி வாங்குற?"

"அண்ணன் வாங்கிக்கிற வரைக்கும் நாப்பது நாள் எங்கிட்டதானே இருக்கும்? குளிப்பாட்ட வேண்டாமா?" என்றான் மெதெர். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை.

தொட்டிலில் பிள்ளையைக் கட்டக் கற்றுக்கொடுக்கச் சொல்லி என் மனைவியிடம் வந்து நின்றான். எங்கள் தொட்டிலில் பிள்ளையைப் பட்டைத்துணியால் இறுக்கிக் கட்டவேண்டும், ஈரம் கீழே போக மரக்குழாய் வைக்கவேண்டும். அது ஆண்பிள்ளை செய்கிற வேலை இல்லை. அவள் ஒரு ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். இவன் இறுக்கிய இறுக்கில் ரொட்டி இரண்டாகப் பிளந்தது.

"நல்லவேளை, அதுக்கு உயிரில்ல" என்றாள் என் மனைவி.

"இன்னொரு ரொட்டி இருக்கா அண்ணி?" என்று கேட்டான். அந்தச் சாயங்காலம் எங்கள் வீட்டு ரொட்டி முழுவதும் தொட்டிலில் படுத்து எழுந்தது. அவன் போன பிறகு என் மனைவி அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். நான் ஏன் என்று கேட்கவில்லை, எனக்கும் அப்படித்தான் இருந்தது.

வலி கண்ட அன்று பாதை மூடியிருந்தது. நாங்கள் முன்னால் பனியைத் தள்ளிக்கொண்டு போக, பெகிமாயை ஏற்றிய ஜீப் பின்னால் வந்தது. மாவட்ட ஆஸ்பத்திரியில் பையன் நல்லபடியாகப் பிறந்தான். ஆனால் அவளுக்கு இரத்தம் நிற்கவில்லை. கருப்பையை எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்றினார்கள். டாக்டர் அம்மா வெளியே வந்து எங்கள் எதிரில் உட்கார்ந்தாள்.

"பையன் இருக்கான், உங்க மனைவியும் இருக்காங்க. ஆனா தம்பி, இனிமே பிள்ளை கிடையாது."

"சரிங்க" என்றான். ஏதோ பாதை மூடியிருக்கிறது என்று கேட்டவன் மாதிரி தலையாட்டினான். அவள் உள்ளே போனதும் நான் அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"உடனே அசன்குல்கிட்ட சொல்லு. இருக்கிறதே ஒண்ணுதான்னு சொல்லு. அவனும் மனுஷன்தானே?"

"நான் எப்படிண்ணே கேக்கிறது? அவரா சொன்னா சரி."

"அவன் எப்படிடா சொல்லுவான்? பொண்டாட்டி இப்பவே கம்பளி பின்ன ஆரம்பிச்சிருப்பா!"

"அதான் நானும் யோசிக்கிறேன்" என்றான்.

அந்த நாற்பது நாள் அவன் வேலைக்கு வந்தது உடம்பு மட்டும்தான். வண்டியை நிறுத்தியதும் வீட்டுக்கு ஓடுவான். ரொட்டியைப் பிளந்த கை இப்போது தொட்டிலை அவ்வளவு பக்குவமாகக் கட்டியது. பையனுக்குச் சுண்டுவிரலைக் கொடுத்துவிட்டு அசையாமல் நிற்பான். பெகிமாய் அவனைத் திட்டவில்லை, பேசவுமில்லை. பால் கொடுப்பாள், சுவரைப் பார்ப்பாள்.

நாற்பதாம் நாள் சட்டைக்கு வீடு வீடாகத் துண்டுத் துணி வாங்கி ஒட்டுப்போட்டுத் தைக்கவேண்டும். பெண்கள் போகிற வேலை. இவனே பையைத் தூக்கிக்கொண்டு போனான். பெண்கள் வாசலில் நின்று, "என்ன மெதெர், தையக்கடை போட்டுட்டியா?" என்று கேலி செய்தார்கள். ஆனால் எல்லோரும் இருப்பதில் நல்ல துணியாகவே கிழித்துக் கொடுத்தார்கள். ஊருக்கே தெரிந்திருந்தது, அவனுக்கு இதற்குமேல் ஒன்று கிடையாது என்று.

அன்றைக்கு உறவெல்லாம் கூடியது. அசன்குல் ஆட்டோடு வந்தான். சூரா ஒரு வெள்ளைச் சால்வையைக் கையில் வைத்திருந்தாள். ஆளுக்கொரு கரண்டியாகத் தண்ணீர் விட்டுப் பிள்ளையைக் குளிப்பாட்டி ஒட்டுச் சட்டையைப் போட்டார்கள். சாப்பாடு முடிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. அசன்குல் தம்பி பக்கம் திரும்பினான். அவன் கெட்டவன் இல்லை, அதுதான் தொல்லை.

"மெதெர், உங்க வீட்டு நெலமை எனக்குத் தெரியும். நீ இப்ப ஒரு வார்த்தை சொல்லு. நான் எழுந்து போயிடறேன். எனக்கு வருத்தமில்ல."

சபையில் வைத்துக் கேட்டால் எவன் சொல்வான்? தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் ஒருவேளை அவன் அண்ணன் காலில் விழுந்திருப்பான். மெதெர் நிமிர்ந்து சூராவைப் பார்த்தான். சால்வையை மடியில் விரித்து ஒரு கையால் நீவிக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் தன் மூக்கைத் துடைத்த கை அது.

"குடுத்தது குடுத்ததுதான்ணே" என்றான்.

பெகிமாய் எழுந்து மாட்டுக்கொட்டிலுக்குப் போனாள். சூரா பிள்ளையைச் சால்வையில் வாங்கிக்கொண்டு, "உனக்கு ஆண்டவன் குறை வைக்க மாட்டான்டா" என்று மெதெரின் தலையில் முத்தமிட்டாள். மனதாரத்தான் சொன்னாள். ஆண்டவன் ஏற்கெனவே வைத்த குறை அவளுக்கும் தெரியும்.

ஒட்டுதல் விடவேண்டும் என்று பெகிமாயைப் பால் கொடுக்க விடவில்லை. மார்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலை செய்தாள். காய்ச்சலில் அனத்தினாள். மெதெர் மறுநாளே வேலைக்கு வந்துவிட்டான். கணவாய் உச்சியில் வண்டியை நிறுத்திவிட்டு, கையை ஸ்டீயரிங்கில் வைத்தபடி வாய்விட்டு அழுதான். நான் அவனைத் திட்டினேன். அழுகிற ஆளைத் திட்டுவது தப்புதான், எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

அண்ணன் பையனுக்கு அக்ஜோல் என்று பெயர் வைத்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் வீடு, பாலம் தாண்டினால் வந்துவிடும். மெதெர் தினமும் போகப் பார்த்தான். அசன்குல் அவனைக் கூப்பிட்டு, "அடிக்கடி வராதேடா, பையன் குழம்புவான்" என்றான். அதன்பிறகு பண்டிகைக்கும் விசேஷத்துக்கும் மட்டும் போனான். உறவுக்காரச் சித்தப்பா எப்படி மிட்டாயோடு போவாரோ அப்படிப் போனான்.

பையன் நடக்கத் தொடங்கியபோது எங்கள் வழக்கப்படி காலில் கறுப்பும் வெள்ளையுமாக நூல் கட்டி நிறுத்தினார்கள். தூரத்திலிருந்து ஆட்கள் ஓடிவர வேண்டும். முதலில் வருகிறவன் கத்தியால் நூலை அறுப்பான். அறுக்கிறவன் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். மெதெர் எல்லோருக்கும் முன்னால் ஓடினான். அவ்வளவு வேகத்தை அவனிடம் நான் பார்த்ததே இல்லை. பையனை நெருங்கும்போது திடீரென்று தளர்ந்தான். பின்னால் வந்த ஒரு வாத்தியார் முந்திக்கொண்டு நூலை அறுத்தார்.

"கால் புரண்டுடுச்சா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணே. என் குணம் அவனுக்கு வேண்டாம்" என்றான். அதைக் கேட்டு எனக்குக் கோபம்கூட வரவில்லை.

அக்ஜோல் வளர்ந்தான். மெதெரின் அதே காது, அதே கோணல் நடை. ஊரில் எல்லோருக்கும் தெரியும், அவனிடம் யாரும் சொன்னதில்லை. "சித்தப்பா வண்டி வருது" என்று பாலத்தில் நின்று கையாட்டுவான். மெதெர் விளக்கைப் போட்டுப் போட்டு அணைப்பான். அவ்வளவுதான் அப்பனும் பிள்ளையும்.

பையனுக்கு ஐந்து வயதாகும்போது, யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. சூரா முழுகாமல் இருந்தாள். நரை விழுந்த பிறகு! எடுத்து வளர்க்கிற பிள்ளை பின்னால் ஒன்றைக் கூட்டிக்கொண்டு வரும் என்று எங்கள் பெண்கள் சொல்வதுண்டு. அது பலித்துவிட்டது என்று ஊரே பேசியது. மெதெர் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினான். முகமெல்லாம் வெளிச்சம்.

"கலிக் அண்ணே, அண்ணிக்குச் சொந்தமா ஒண்ணு வந்துட்டா, என் பையனைக் குடுத்துடுவாங்கல்ல?"

"டேய், ஆசையை வளத்துக்காதே."

"அவங்க நல்லவங்கண்ணே."

"நல்லவங்கதான்டா. அதனாலதான் பயமா இருக்கு."

காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுபடியும் தயாராக ஆரம்பித்தான். இந்த முறை பிறந்து வளர்ந்த பிள்ளைதானே, வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். மூலையில் ஐந்து வயதுப் பையன் அளவுக்குக் கட்டில் செய்தான். ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டான். சின்ன சைக்கிள் ஒன்று வாங்கி எண்ணெய் போட்டு வைத்தான். பெகிமாய் ஒருநாள் அந்தக் கட்டிலுக்கு மெத்தை தைத்துக்கொண்டிருந்ததை என் மனைவி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அத்தனை வருடத்தில் பெகிமாய் எதற்காவது ஊசி எடுத்தது அதுதான் முதல் தடவை என்றாள்.

சூராவுக்குப் பெண் பிறந்தது. ஷிரின் என்று பெயர் வைத்தார்கள். மெதெர் ஒரு ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்து என் வாசலில் நின்றான். கேட்கிற வாய் அவனுக்குக் கிடையாதே, அதற்கு நான்.

அசன்குல் வீட்டில் விரிப்பு நிறைய ரொட்டியும் வெண்ணெயும் பரப்பியிருந்தார்கள். அக்ஜோல் தொட்டிலை ஆட்டிக்கொண்டு, தங்கச்சிக்கு என்னவோ கதை சொல்லிக்கொண்டிருந்தான். "போய்ச் சித்தப்பா கொண்டாந்த ஆட்டைப் பாருடா" என்று சூரா அவனை வெளியே அனுப்பினாள். எதற்கு வந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் சுற்றி வளைக்கவில்லை.

"அசன்குல், ஆண்டவன் உனக்குக் கண்ணைத் தொறந்துட்டான். இவனுக்கு இருந்தது ஒண்ணே ஒண்ணு. அதை உனக்குக் குடுத்தான். இப்பத் திருப்பிக் குடுத்துடேன்."

அசன்குல் கிண்ணத்தைக் கீழே வைத்தான். 

"பையன் வந்ததாலதான் பொண்ணு வந்தா, கலிக். வழியைத் தொறந்துவிட்டவனை வெளியே அனுப்பிட்டா, வந்தவ நிப்பாளா? அவளையும் தூக்கிக் குடுத்துட்டு நாங்க என்ன பண்றது?"

சூரா மெதெரிடம்தான் பேசினாள். "டேய், அவன் என் காதைப் புடிச்சுக்கிட்டுத்தான்டா தூங்குவான். அங்க வந்தா யார் காதைப் புடிப்பான்? பெகிமாயை அவனுக்கு யாருன்னே தெரியாதேடா."

"தெரியாமப் போனது யாராலண்ணி?" என்று நான் வெடுக்கென்று கேட்டேன். மெதெர் என் முழங்காலை அழுத்தினான்.

"விடுங்கண்ணே. அண்ணி சொல்றது சரிதான். அவன் பயந்துடுவான்."

எழுந்துவிட்டான். வாசலில் ஆட்டின் மேல் ஏற முயன்றுகொண்டிருந்த மகனைப் பார்த்து, "கொம்பைப் புடி, விழுந்துடாதே" என்று சொல்லிவிட்டு நடந்தான். கதை அங்கேயே முடிந்திருந்தால் அவனுக்கு நல்லது.

அசன்குல்லுக்கு அந்தப் பேச்சு உள்ளே குத்திக்கொண்டே இருந்திருக்கிறது. தம்பி ஒன்றைக் கேட்டு வாசலுக்கு வந்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, அதையும் இல்லை என்று சொல்லியாகிவிட்டது. ஷிரினுக்கு நாற்பது கழிந்த மறுநாள் காலை, பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது, தொட்டிலைத் தோளில் சுமந்துகொண்டு பாலம் தாண்டி வந்தான். தொட்டிலில் பிள்ளை இருந்தது. நானும் மெதெரும் முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தோம்.

"நீ ஒண்ணு குடுத்தே. நான் ஒண்ணு குடுக்கறேன். இனிமே இவ உன் பொண்ணு" என்று தொட்டிலை வாசற்படியில் வைத்தான்.

மெதெர் கையிலிருந்த கோடரி கீழே விழுந்தது. "அண்ணே, நான் இதைக் கேக்கலியே."

"தெரியும். நீ கேட்டதைக் குடுக்க முடியல. என்கிட்ட இருக்கிறதைக் குடுக்கறேன்."

"வேண்டாம்ணே. தூக்கிட்டுப் போங்க. அண்ணி செத்துடுவாங்க."

"தம்பி வாசல்ல வச்ச தொட்டிலைத் திருப்பிச் சுமந்துக்கிட்டுப் போனா, நான் இந்த ஊர்ல எப்படிடா நடக்கறது?" அசன்குல் தொட்டிலைத் தம்பி பக்கம் தள்ளினான். "எடுத்துக்கடா. அண்ணன் கெஞ்சறேன், எடுத்துக்க."

சூரா வெளிக்கதவுக்கு அந்தப் பக்கமே நின்றிருந்தாள். உள்ளே வரவில்லை. பனி அவள் தலைத்துணியில் படிந்துகொண்டிருந்தது, தட்டிவிடக்கூடத் தோன்றாமல் நின்றாள். பெகிமாய் வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். தொட்டிலைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், நேராகக் கதவுக்குப் போனாள். சண்டை வரப்போகிறது என்று நான் நினைத்தேன். வரட்டும் என்றும் நினைத்தேன்.

"அக்கா" என்றாள், "பால் கட்டிக்கும். துணியை நல்லா இறுக்கிக் கட்டுங்க. காய்ச்சல் வரும், பயப்படாதீங்க. அப்புறம் வத்திடும்."

குத்திக்காட்டிச் சொன்னாளா, இரங்கிச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சூரா திரும்பி நடந்தாள். மெதெர் இன்னொரு தரம் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் போதும். நான் அவன் விலாவில் முழங்கையால் இடித்தேன். அவன் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குனிந்து தொட்டிலை எடுத்துக்கொண்டான்.

இப்படியாக எங்கள் மெதெர் அப்பாவானான். பையனுக்குச் செய்த கட்டில் காலியாகக் கிடக்க, அதன் பக்கத்தில் ஷிரின் அழுதாள். புட்டிப்பால் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மெதெர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பான். பாவம், பிள்ளை மேல் அவனுக்கு வெறுப்பில்லை. பிரியமும் வரவில்லை. "கையில வாங்குனா என் பையனோட கனம்தான் ஞாபகம் வருதுண்ணே" என்று ஒருநாள் சொன்னான். பெகிமாய் செய்யவேண்டியதை எல்லாம் செய்தாள். துடைத்தாள், ஊட்டினாள், கட்டினாள். தாலாட்டு மட்டும் பாடவில்லை.

பையன் வரத் தொடங்கினான். அண்ணன் தடுத்தும் கேட்காமல், தானாகவே பாலம் தாண்டி வந்தான். முதல் நாள் வெளிக்கதவில் அவனைப் பார்த்ததும் மெதெருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மிட்டாய் எடுத்தான், தேன் எடுத்தான், சைக்கிளை வெளியே உருட்டிக்கொண்டு வந்தான்.

"ஏறிக்கடா. உனக்குத்தான்."

அக்ஜோல் சைக்கிளைப் பார்க்கவில்லை. "பாப்பா எங்க?"

"உள்ள தூங்குது. நீ ஓட்டிப் பாரேன்."

"எங்க பாப்பாவை எப்பத் திருப்பித் தருவீங்க சித்தப்பா?"

"அவ இனிமே இங்கதான் இருப்பாடா. உங்கப்பாதான் குடுத்தாரு."

"எங்கப்பா குடுக்க மாட்டாரு. நீங்கதான் எடுத்துக்கிட்டீங்க. அம்மா அழுதுக்கிட்டே இருக்காங்க."

தினமும் வந்தான். தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து தங்கச்சிக்குக் கதை சொல்வான். மெதெர் நீட்டுகிற எதையும் வாங்க மாட்டான். மெதெர் அறைக்குள் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு, தொட்டிலை மறைத்துக்கொண்டு உட்காருவான். அந்தப் பையனுடைய வருகைக்காக ஐந்து வருடம் ஏங்கியவன், அவன் முறைப்புக்குப் பயந்து சொந்த வீட்டில் திண்டாடினான். உண்மையைச் சொல்லிவிடு என்று நான் சொன்னேன். "சொன்னா அண்ணியையும் இழந்துடுவான். எங்களையும் சேத்துக்க மாட்டான்" என்றான். 

எங்கள் பிப்ரவரியில் தார் தெரியாமல் பனிக்கட்டி உறைந்து கிடக்கும். அன்று மத்தியானம் கணவாயிலிருந்து இறங்கி ஊருக்குள் வந்துகொண்டிருந்தோம். பாலத்துக்கு முன்னால் நடுப்பாதையில் ஒரு சின்ன உருவம் தள்ளாடிப் போய்க்கொண்டிருந்தது. மேல்கோட்டு இல்லை, சட்டையோடு. கோட்டைக் கழற்றி எதையோ சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தது.

"ஐயோ" என்றான் மெதெர். பிரேக்கை அழுத்தினான். வண்டி வழுக்கி, தகடு பாதையைக் கிழித்துக்கொண்டு, பையனுக்கு ஓர் ஆள் தூரத்தில் நின்றது. பெகிமாய் மாடு கறக்கப் போன நேரம் பார்த்து, அவன் பிள்ளையைக் கட்டவிழ்த்துத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறான்.

மெதெர் குதித்து ஓடினான். பையன் திரும்பிப் பார்த்துவிட்டு ஓட முயன்று முழங்காலில் விழுந்தான். பிள்ளையைக் கீழே விடவில்லை. ஷிரின் நீலம் பாரித்து வீறிட்டாள். மெதெர் மண்டியிட்டு, அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிள்ளையை எடுத்து என்னிடம் கொடுத்தான். பையன் அவன் கையைக் கடித்தான். நன்றாகப் பல் பதிய, இரத்தம் வர. மெதெர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மற்றக் கையால் தன் கம்பளிக் கோட்டைத் திறந்து பையனை உள்ளே இழுத்து, நெஞ்சோடு சேர்த்து இறுக்கினான். அந்த ஒட்டுச் சட்டை போட்ட நாளுக்குப் பிறகு மகனை அவன் கட்டிப்பிடித்தது அதுதான் முதல் தடவை.

பையன் உதைத்தான், திமிறினான், பாலத்துக்கு அந்தப் பக்கம் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினான்.

"அப்பா! அப்பா! வாங்கப்பா! சித்தப்பா என்னையும் எடுத்துக்கிறாரு!"

வீடுகளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அசன்குல் தொப்பிகூட இல்லாமல் ஓடி வருவது தெரிந்தது. மெதெரும் அதைப் பார்த்தான். அண்ணன் பாலத்தைத் தாண்டும்வரைக்கும் பையனை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு அவனே கையை விரித்து விட்டுவிட்டான்.